மாறுவேடத்தில் ஒரு வாத்தியார்

சென்ற இதழில் ஒரு வாசகர், "கடந்த காலத்துக்குப் போகும் காலப்பயணி, யாருக்கும் சந்தேகம் வராமல் அங்கே சில வருடங்கள் தங்க வேண்டுமானால் என்ன வேலை பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தார். "பள்ளிக்கூட வாத்தியார் வேலை" என்று ஒரு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. வகுப்பறையிலேயே தலை நரைத்தவன் நான். எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் இருக்க முடியாது. இந்த இதழ் முழுக்க அந்த வாத்தியாருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஒளிந்து வாழ வேண்டியவர், ஊரே பார்க்கும் வேலைக்கு ஏன் போக வேண்டும்? ஏதாவது ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்துவிடலாமே?

பணம் புழங்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஆளை யாரும் உட்காரவைப்பதில்லை. யாருக்கு உறவு, யார் சிபாரிசு என்று கேட்பார்கள். வாத்தியார் விஷயம் வேறு. அவர் வெளியூர்க்காரராக இருப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பேச்சு கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால், "படித்த மனுஷர், அப்படித்தான் பேசுவார்" என்று விட்டுவிடுவார்கள். பழைய பத்திரிகைகளை வாங்கி வைத்துப் படித்தாலும், இரவில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதினாலும் கேள்வி வராது. இன்னொரு பெரிய வசதி, தெரியாததைத் தெரிந்துகொள்ள அவருக்கு இருக்கும் வழி. "உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பிள்ளைகளிடம் கேட்டால் அது பாடம். கிடங்கில் அதே கேள்வியைக் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

காலத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1810லேயே மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசுத் தேர்வு வந்துவிட்டது. அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1839ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து லெக்சிங்டனில் தொடங்கியது. இங்கிலாந்தில் 1846லிருந்து சான்றிதழ் முறை பரவியது. அதற்கெல்லாம் முன்னால் பல இடங்களில், ஒரு பாதிரியாரோ பெரிய மனிதரோ கொடுத்த கடிதம் இருந்தால் வேலை கிடைத்துவிடும். புகைப்படம் ஒட்டிய பாஸ்போர்ட் பரவலானது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். 1950க்குப் போகிறவர் பிறப்புச் சான்றிதழ், பட்டம், பழைய பள்ளியின் கடிதம் என்று எல்லாவற்றையும் உண்டாக்க வேண்டும். அப்புறம் தலைமையாசிரியர் தொலைபேசியை எடுத்து அந்தப் பழைய பள்ளியைக் கூப்பிட்டால் எல்லாம் முடிந்தது.

கேள்வி: முதல் வாரத்திலேயே அவரைக் காட்டிக்கொடுப்பது எதுவாக இருக்கும்? பேச்சா, உடையா?

கை. உடையைத் தைத்துக்கொள்ளலாம், பேச்சைப் பழகிக்கொள்ளலாம். கை அவ்வளவு சீக்கிரம் பழகாது.

1800ஐ ஒட்டிய ஒரு ஐரோப்பிய வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் எழுந்து வந்து தன் இறகுப் பேனாவை நீட்டுவான். முனை தேய்ந்திருக்கும். அதைச் சீவிக் கொடுப்பது வாத்தியார் வேலை. அவன் போனதும் அடுத்தவன் வருவான். நம் ஆள் அதை வாங்கித் திருதிருவென்று விழித்தால் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்.

இறகைச் சீவுவது ஒரு கைத்தொழில். பெரிய வாத்தின் சிறகில் உள்ள நீள இறகுதான் இதற்கு. இடது சிறகு இறகு வலதுகைக்காரருக்குத் தோது. அதன் வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கமாகப் போகும். சூடான மணலில் செருகி எடுத்துத் தண்டை இறுக்கியிருப்பார்கள். முதலில் நுனியைச் சாய்வாக ஒரு வெட்டு. உள்ளே இருக்கும் சவ்வை எடுத்துவிட்டு, நடுவில் கத்தியை வைத்து லேசாக நெம்ப வேண்டும். பிளவு நேராக ஓட வேண்டும். கோணிக்கொண்டு போனால் அந்த முனையே வீண். பிறகு இரண்டு பக்கமும் செதுக்கிக் கூராக்கி, கடைசியாகக் கெட்டியான ஒன்றின்மேல் வைத்து நுனியைக் குறுக்கே ஒரே அழுத்தில் நறுக்க வேண்டும். எழுத்தின் தடிப்பு அந்தக் கடைசி நறுக்கில்தான் இருக்கிறது. மை ஒரே சீராக இறங்கினால் வாத்தியார் தேர்ச்சி. தாளில் கொட்டினால் பையன் வீட்டில் போய்ச் சொல்வான். பழகியவர் பாடத்தை நிறுத்தாமலே இதைச் செய்வார். கிளம்புவதற்கு முன்னால் நம் காலப்பயணி வரலாற்றுப் புத்தகம் படிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 1820களிலும் 1830களிலும் பர்மிங்காம் தொழிற்சாலைகளிலிருந்து எஃகு முனைகள் மலிவாக வரத் தொடங்கிய பிறகுதான் வாத்தியார்களுக்கு இதிலிருந்து மெல்ல விடுதலை கிடைத்தது.

வகுப்பின் அமைப்பும் அவரைத் தடுமாறவைக்கும். நாற்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை என்று நினைத்துக்கொண்டு 1810ல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் முறைப் பள்ளிக்குள் நுழைந்தால், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருப்பார்கள். பாடம் சொல்வது சட்டாம்பிள்ளைகள். வாத்தியார் சட்டாம்பிள்ளைகளுக்குச் சொல்வார், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். இதேபோன்ற முறையை ஆண்ட்ரூ பெல் 1790களில் மதராஸில் ராணுவ அனாதைச் சிறுவர் பள்ளியில் நடத்திக் காட்டி, 1797ல் லண்டனில் புத்தகமாகவும் வெளியிட்டிருந்தார். மணலில் விரலால் எழுதிப் பழகும் வழக்கத்தை அவர் இங்கிருந்த திண்ணைப் பள்ளிகளில் பார்த்துதான் எடுத்துக்கொண்டார்.

கேள்வி: அவசரத்துக்கு ஒரு பால்பாயிண்ட் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. லாஸ்லோ பீரோ அதற்குக் காப்புரிமை பெற்றது 1938ல். அதற்கு முந்தைய தாளில் அந்த மை இருந்தால், பின்னாளில் ஆராய்கிறவர் முதல் பார்வையிலேயே போலி என்று ஒதுக்கிவிடுவார்.

கேள்வி: அறிவியல் மாறும், வரலாறு மாறும். கணக்கு மாறாதே! கணக்கு வாத்தியாராகப் போனால் எந்த ஆபத்தும் இல்லைதானே?

விடை மாறாது. எழுதும் விதம் மாறும். 1500ல் ஒரு வகுப்பில் போய், இரண்டும் மூன்றும் ஐந்து என்று எழுத நடுவில் சமக்குறி போட்டால், அது என்ன கோடு என்று கேட்பார்கள். ராபர்ட் ரெக்கார்ட் அந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தது 1557ல். இணையான இரு கோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் எழுதி வைத்தார். கூட்டல் கழித்தல் குறிகள் ஜெர்மன் அச்சுப் புத்தகத்தில் வந்தது 1489ல். பெருக்கல் குறியை வில்லியம் ஆட்ரெட் 1631ல் போட்டார். தசமப் பின்னங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி சைமன் ஸ்டெவின் விளக்கி எழுதியது 1585ல். இவ்வளவையும் கழற்றி வைத்துவிட்டு வார்த்தையாலேயே கணக்கு நடத்த நம்மில் எத்தனை பேரால் முடியும்? நினைத்துப் பார்க்கவே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

தேதி இன்னொரு வலை. 1740 பிப்ரவரியில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் பதிவேட்டில் அவர் 1740 என்று எழுதினால் அங்கே அது பிசகு. அங்கே வருடம் மார்ச் 25ல்தான் பிறக்கும். பிப்ரவரியில் இன்னும் 1739 நடந்துகொண்டிருக்கும். 1752ல்தான் அதை மாற்றினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யாவில் இதே சரிக்கட்டல் 1918ல் நடந்தது.

கேள்வி: அறிவியல் பாடத்தில், தப்பு என்று தெரிந்தே தப்பைச் சொல்லித்தர வேண்டிவருமே. ஒரு நல்ல ஆசிரியர் அதை எப்படித் தாங்குவார்?

வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது இது.

1840ல் ஒரு பிள்ளையிடம், கோள்கள் எத்தனை என்று கேளுங்கள். பதினொன்று என்று சொல்லும். அன்றைய பாடப்புத்தகப்படி அது சரியான விடை. 1801 ஜனவரி 1ல் பியாஸி சீரிஸைக் கண்டுபிடித்தார். 1807க்குள் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று மூன்று சேர்ந்தன. எல்லாவற்றையும் கோள்கள் என்றே எண்ணினார்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வெஸ்டா, ஜூனோ, சீரிஸ், பல்லாஸ், வியாழன், சனி, யுரேனஸ். நெப்டியூன் 1846 செப்டம்பர் 23 வரை யார் கணக்கிலும் இல்லை. 1845 கடைசியிலிருந்து சிறுகோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கத் தொடங்கி, இத்தனையையும் கோள் என்று எண்ண முடியாது என்று ஆனபிறகே அவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். இப்படியிருக்க, நம் வாத்தியார் "எட்டு" என்று எழுதிப்போட்டால், அவர் பிள்ளைகள் எல்லோரும் பரீட்சையில் தோற்பார்கள்.

அவர் பொய் சொல்லத் தேவையில்லை. "வானியலாளர்கள் இதுவரை பதினொன்றைக் கண்டு எண்ணியிருக்கிறார்கள்" என்று சொல்லலாம். அது 1840ல் முழு உண்மை. அடுத்து, "நாற்பது வருடத்துக்கு முன் இந்தப் புத்தகத்தில் எத்தனை இருந்திருக்கும்?" என்று கேட்கலாம். ஏழு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். "அதற்கும் இருபது வருடம் முன்னால்?" ஆறு. ஹெர்ஷெல் யுரேனஸைப் பார்த்தது 1781ல். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம். பின்வரிசையில் ஒரு பெண், "அப்படியானால் இனிமேலும் மாறுமா?" என்று கேட்பாள். அவள் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது. எதிர்காலத்திலிருந்து ஒரு துளியும் கசியவில்லை, பிள்ளைகளையும் ஏமாற்றவில்லை. நான் பாடம் நடத்தியதும் இப்படித்தான். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லும்போது, இது எந்த வருடம், யார் பார்த்தது, எப்படிப் பார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்வேன். காலப்பயணிக்கு மட்டும் உரிய தந்திரம் இல்லை அது.

கேள்வி: கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, உலகத்துக்கு இன்னும் தெரியாத உண்மையைத் தானாகவே தொட்டுவிட்டால்? வாத்தியார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

நடக்கக்கூடிய சங்கதிதான் இது. எந்த இடத்தில் நடக்கும் என்றுகூடச் சொல்கிறேன்.

வருடம் 1911. புவியியல் வகுப்பு, சுவரில் உலகப் படம். ஒரு பிள்ளை பிரேசிலின் கிழக்குப் புடைப்பில் ஒரு விரலையும், ஆப்பிரிக்காவின் மேற்குப் பள்ளத்தில் இன்னொரு விரலையும் வைத்து, "சார், இது ரெண்டும் ஒட்டும்போல இருக்கே" என்கிறது. இதைக் கவனித்த முதல் ஆள் அந்தப் பிள்ளை இல்லை. வரைபடம் வரைந்த ஆபிரகாம் ஆர்ட்டீலியஸ் 1596லேயே, அமெரிக்கா மற்றக் கண்டங்களிலிருந்து பிய்ந்து போயிருக்கலாம் என்று எழுதினார். ஆனால் 1911ன் பாடம் வேறு. கண்டங்கள் நகராது, நடுவில் இருந்த நிலப்பாலங்கள் கடலில் மூழ்கிவிட்டன, அதனால்தான் இரண்டு கரையிலும் ஒரேமாதிரி புதைபடிவங்கள் இருக்கின்றன என்பதுதான் அன்றைய அறிஞர்களின் விளக்கம். ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனர் ஃபிராங்ஃபர்ட்டில் எழுந்து நின்று கண்டங்கள் நகர்கின்றன என்று பேசப்போவது 1912 ஜனவரி 6ல். அதற்கு அப்புறமும் ஐம்பது வருடங்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வெகனர் 1930ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். தான் சொன்னது பாடப்புத்தகத்தில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

நம் வாத்தியாருக்கு இதெல்லாம் தெரியும். "ஆமாம், ஒட்டியிருந்தவைதான்" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு விடை கிடைக்கும், அதோடு நின்றுபோகும். வெளியே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள், வாத்தியாரிடம் ஆதாரம் கேட்பார்கள். "சும்மா தற்செயல், உட்கார்" என்றால் அது துரோகம். அந்த வார்த்தையை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்வதைவிட மோசமான காரியத்தை ஒரு ஆசிரியர் செய்ய முடியாது.

அவர் கேட்க வேண்டியது இது: "ஒட்டியிருந்தால், வேறு எதெல்லாம் பொருந்த வேண்டும்?" பிள்ளை யோசிக்கும். கிழிந்த செய்தித்தாளின் இரண்டு துண்டுகளை ஒட்டினால் ஓரம் மட்டும் பொருந்தினால் போதுமா, வரிகளும் ஓட வேண்டும் இல்லையா? வெகனரே சொன்ன ஒப்புமை அது. வரிகள் என்றால் பாறை அடுக்கு, மலைத்தொடர், செத்துப்போன செடிகொடிகளின் பதிவு. அதையெல்லாம் எங்கே தேடுவது என்று பிள்ளை பட்டியல் போடட்டும். அந்தச் சமயத்தில்தான் ராபர்ட் ஸ்காட்டின் குழு தென் துருவம் போய்க்கொண்டிருக்கிறது. 1912ல் திரும்பும் வழியில் அவர்கள் இறந்துகிடந்த இடத்தில், கடைசிவரை விடாமல் இழுத்துவந்த சுமார் 16 கிலோ பாறைகளும் இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற இலையின் பதிவு இருந்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் அதே இலை. அந்தப் பிள்ளை பெரியவனானதும் இந்தச் செய்தியைப் படித்தால், எங்கே பொருத்திப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியும்.

கேள்வி: அந்தக் காலத்தில் பிரம்பு இல்லாத வாத்தியார் உண்டா? அடிக்காமல் இருந்தாலே மாட்டிக்கொள்வாரே?

மாட்டிக்கொள்ள மாட்டார். கொஞ்சம் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். முதல் நூற்றாண்டில் ரோமில் பாடம் சொன்ன குவிண்டிலியன், பிள்ளைகளை அடிப்பது இழிவு, பக்கத்திலிருந்து கவனிக்கும் ஆசிரியர் இருந்தால் அடிக்குத் தேவையே வராது என்று விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார். போலந்தில் 1783லேயே பள்ளிகளில் அடிக்கத் தடை வந்தது. பிரிட்டனில் அரசுப் பள்ளிகளுக்கு அந்தத் தடையைக் கொண்டுவந்த சட்டம் 1986ல்தான் நிறைவேறியது. அடிக்காதவர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார். 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. குவிண்டிலியனின் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டால், கேட்கிறவருக்கு எடுத்துக்காட்டவும் ஆகும்.

கேள்வி: அவருடைய மாணவி ஒருத்தி, பின்னாளில் மருந்து வரப்போகும் நோயால் செத்துக்கொண்டிருக்கிறாள். வரலாறு மாறிவிடும் என்று கைகட்டி நிற்பாரா?

நின்றால் அவர் வாத்தியார் இல்லை. அவரால் என்ன முடியும் என்று நிதானமாகப் பார்ப்போம்.

1919 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு சிறுமி இளைத்துக்கொண்டே போகிறாள், அடிக்கடி தண்ணீர் குடிக்கிறாள். நீரிழிவு. அன்றைக்குக் குழந்தைகளுக்கு அது வந்தால், சாவு என்றுதான் அர்த்தம். வாத்தியாருக்கு இன்சுலின் தெரியும். ஆனால் அதை எப்படிப் பிரித்தெடுப்பது, எப்படிச் சுத்தப்படுத்துவது என்று தெரியுமா? கணையத்தை எடுத்த நாய்க்கு நீரிழிவு வருகிறது என்று 1889லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கிருந்து மருந்துக்கு வர முப்பது வருடத்துக்கும் மேல் ஆனது. டொரன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் 1921ல் பிரித்தெடுத்ததை கோலிப் சுத்தப்படுத்திய பிறகே மனிதருக்கு ஏற்றதாயிற்று. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதலில் போட்டார்கள். பள்ளிக்கூட மேசையில் நடக்கிற காரியம் இல்லை.

ஆனாலும் அவர் கையில் ஒன்று இருக்கிறது. இன்னும் மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர், நீரிழிவு நோயாளிகளை மிகக் குறைந்த உணவில் வைத்து ஆயுளைத் தள்ளிக்கொண்டிருந்தார். கொடுமையான சிகிச்சை. 'சாவைத் தள்ளிப்போட்டு என்ன ஆகப்போகிறது' என்று பல குடும்பங்கள் மனம் உடைந்திருக்கும். அமெரிக்க அரசியல் தலைவர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919ல், பதினோரு வயதில் இந்த நோய் வந்தது. ஆலனின் கவனிப்பில் இருந்தாள். 1922 ஆகஸ்டில் பேன்டிங்கிடம் கொண்டுபோனபோது எடை சுமார் 20 கிலோ. இன்சுலின் கிடைத்தது. 1981 வரை வாழ்ந்தார். கல்யாணம், குழந்தைகள், எல்லாம்.

ஆகவே அந்த வாத்தியார், சிறுமியின் வீட்டுக்குப் போய் அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து, "இந்தச் சிகிச்சையை விடாதீர்கள். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நான் நம்புகிறேன்" என்று சொல்லலாம். எதிர்காலத்தைச் சொன்னதாக யாரும் நினைக்க மாட்டார்கள். நல்ல வாத்தியார்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தானே. பள்ளி விட்டதும் தினமும் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம். அடுத்த வருடப் பாடத்தையும் சேர்த்து.

வெறுமே உண்மையை அறிவிப்பதால் மட்டும் உயிர் பிழைப்பதில்லை என்பதையும் அவர் மறக்கக் கூடாது. வியன்னாவில் 1847ல் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தொட்டிருந்த தாய்மார் இறப்பு, ஜூலையில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கண்ணெதிரே எண்கள் இருந்தும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வாத்தியாருக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. அவர் கிருமியைப் பற்றி வாதாட வேண்டாம். சாப்பிடும் முன் கை கழுவாத பிள்ளை உள்ளே வரக் கூடாது என்று வகுப்பு விதி போட்டால் போதும். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வரும், வரட்டுமே.

கேள்வி: இதெல்லாம் இயற்பியல்படி நடக்குமா?

எதிர்காலத்துக்குப் போவது நடக்கும், நடந்திருக்கிறது. 1971ல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டால், கிழக்கே போனவை சுமார் 59 நானோவினாடி (வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோவினாடி) பின்தங்கின, மேற்கே போனவை சுமார் 273 நானோவினாடி முந்தின. பின்தங்கிய கடிகாரம் அந்த அளவுக்கு எதிர்காலத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

பின்னால் போவதுதான் சிக்கல். குர்ட் கோடல் 1949ல், ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்குள்ளேயே கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதை உள்ள ஒரு சுழலும் பிரபஞ்சத்தைக் காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1988ல் இயற்பியலாளர் கிப் தோர்னும் கூட்டாளிகளும் புழுத்துளை வழியை, அதாவது வெளியில் தொலைவான இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியை ஆராய்ந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை, அந்தத் துளையைக் காலயந்திரமாக ஆக்கிய நாளுக்கு முன்னால் போக முடியாது. அந்த வழியில் 1840 வகுப்பறைக்குப் போக வேண்டுமானால், 1840லோ அதற்கு முன்போ யாராவது அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இயற்கையே இதைத் தடுக்கும் என்பது 1992ல் ஸ்டீவன் ஹாக்கிங் முன்வைத்த ஊகம். 2009 ஜூன் 28ல் அவர் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்தும் வைத்தார். விருந்து முடிந்த பிறகே அழைப்பை வெளியிட்டார். யாரும் வரவில்லை.

கேள்வி: நெப்டியூன் இருக்கும் இடத்தை அந்த வாத்தியாரே ஒரு மாணவனுக்குச் சொல்லி, அவன் அறிவித்ததாக வைத்தால் கதை பிரமாதமாக இருக்காதா?

எனக்கு அந்தக் கதை பிடிக்காது. வாத்தியாருக்கு அது புத்தகத்திலிருந்து தெரியும், புத்தகத்துக்கு மாணவனிடமிருந்து தெரியும், மாணவனுக்கு வாத்தியாரிடமிருந்து தெரியும். அப்படியானால் யார் கணக்குப் போட்டது? யாருமே போடவில்லை. பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே யுரேனஸின் பாதையில் தெரிந்த தடுமாற்றத்தை வைத்து மாதக்கணக்காகப் போட்ட கணக்கை, பெர்லினில் காலே அந்தக் கடிதம் கிடைத்த அன்றிரவே தொலைநோக்கியைத் திருப்பி, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் கண்டதை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வட்டத்தைப் போடுகிறீர்கள். உழைத்தவர் பெயரை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

கேள்வி: நான் கல்லூரி மாணவி. இதை வைத்துச் சிறுகதை எழுத ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

யந்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஆரம்பியுங்கள்.

1862ல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. அரசு இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லிச் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கு வரும் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போச்சு. பல இடங்களில் வாத்தியார் சம்பளமும் அதையே நம்பி இருந்தது. அதனால் பிள்ளைகளை வாசகப் புத்தகத்தை முழுசாக நெட்டுருப் போடவைத்தார்கள். புத்தகத்தைப் பார்க்காமலே வரி தவறாமல் 'வாசித்த' பிள்ளைகள் உண்டு. கவிஞர் மாத்யூ ஆர்னால்டே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். இந்த முறை படிப்பை யந்திரமாக்குகிறது என்று கடுமையாகக் கண்டித்தார். 1890கள் வரை இது நீடித்தது.

இப்போது உங்கள் வாத்தியாரை அங்கே நிறுத்துங்கள். ஒரு வருடமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்கியிருக்கிறார். நெட்டுருப் போடவைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்து ஒரு பையனிடம் நீட்டுகிறார். பையன் வாசிக்கிறான், நடுவில் நிறுத்தி, "ஐயா, இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிடுகிறான். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து வாத்தியாரைப் பார்க்கிறார். சம்பளம் போகலாம், வேலை போகலாம், வேடம் கலையலாம். அவர் என்ன சொல்கிறார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.